ஒரு சாண் இழுவை

(உடுவில் சனசமூக நிலைய மண்டபமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1824 ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. இருநூறு வருடமாக எழுத்தும் கணக்கும் பழகிய ஊர். அந்தத் தைரியத்தில் இன்றைக்குக் கொஞ்சம் கணக்கும் கொண்டு வந்திருக்கிறேன். கூடவே ஒரு கம்பித் துண்டும் கொண்டு வந்திருக்கிறேன். அதை முன்வரிசையில் கொடுக்கிறேன். கையில் வாங்கிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள், கடைசி வரிசை வரைக்கும் போகட்டும்.

சென்ற மாதம் ஊருக்கு வந்த அன்றே ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய உறவினர் ஒருவர் கலியாண மண்டபம் கட்டப் போகிறார். கீழே மணவறை, மேலே சாப்பாட்டு மண்டபம். கீழ் மண்டபத்தின் நடுவில் ஒரு தூணும் நிற்கக் கூடாது, வந்தவர்கள் எல்லோருக்கும் தாலி கட்டுவது தெரிய வேண்டும். கீறி வந்த வரைபடத்தில் 'பி.ரி. சிலாப்' என்று எழுதியிருக்கிறது. விசாரித்தால், சிலாப்புக்குள் கேபிள் போட்டு இழுத்து வைப்பார்களாம். பெரியவர் கதிரையில் இருக்கவுமில்லை. நின்றபடியே கேட்டார்: "தம்பி, இழுத்துக் கட்டினது ஒரு நாளைக்கு அறும்தானே? அதுக்குக் கீழ பிள்ளை குட்டியளோட இருக்கலாமோ?"

நல்ல கேள்வி. பொறியியல் படித்தவர்கள் கேட்கத் தவறுகிற கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

இந்த மேசையில் பத்துப் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளை, நீ எழும்பி வா. இரண்டு பக்கத்திலும் உள்ளங்கையை வைத்து நன்றாக அமர்த்து. அமர்த்தினபடியே தூக்கு. பார்த்தீர்களா? பத்தும் ஒரு பலகை போல எழும்புகின்றன. நடுவில் நிற்கும் புத்தகத்தை யார் தாங்குகிறார்கள்? கீழே ஒரு கையும் இல்லை. பசை இல்லை. கயிறு இல்லை. அமர்த்தம் ஒன்றுதான் தாங்குகிறது. இப்போது மேலே இன்னொரு புத்தகத்தை வைக்கிறேன். அதையும் தாங்குகிறது. சரி, கையைத் தளர்த்து. ஒரு கணம்தான், எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டன.

கொங்கிறீற்றும் இந்தப் புத்தக வரிசையைப் போன்றதுதான். நசுக்கினால் மலை போல நிற்கும். இழுத்தால் வெடிக்கும். நசுக்கத்தைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும் பலம். ஒரு சிலாப்பின் மேல் பாரம் ஏறும்போது அது கீழ்நோக்கி வளைகிறது. வளையும்போது மேற்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு வரும். அந்த இடத்தில் இழுவையைத் தாங்கத்தான் எங்கள் மேசன்மார் கம்பி கட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பி எப்போது வேலைக்கு வருகிறது? பாரம் வந்தபிறகு. சிலாப் வளைந்தபிறகு. அதுவரையும் அது சும்மா கிடக்கிறது.

பாரம் வருமுன்னமே கம்பியை வேலைக்குக் கூப்பிட்டால் என்ன? பாரம் வருமுன்னமே கொங்கிறீற்றை அமர்த்தி வைத்தால் என்ன? கேள்வி அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊர்க் கம்மாலையிலேயே இருந்தது.

மாட்டு வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுவதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் புத்தகப் பையோடு நின்று பார்த்திருக்கிறேன். குடத்தில் ஆரக்கால்களை இறக்கி, சுற்றிவர மரத் துண்டுகளைப் பொருத்திச் சில்லைச் செய்துவிடுவார்கள். கையால் அசைத்தால் பொருத்துகள் நெகிழும். பட்டத்தைச் சில்லின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாகவே வளைத்து ஒட்டியிருப்பார் கொல்லர். அதை நிலத்தில் வைத்துப் பொச்சு மட்டையும் வறட்டியும் அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள். பட்டம் பழுத்துச் சிவந்து பெருக்கும்போது இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கிச் சில்லின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். 'சோ' என்று ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள்ளே ஒரு சத்தம் கேட்கும், பிள்ளைகளே. மரம் முறுகுகிற சத்தம். குளிரும் இரும்பு சுருங்கிச் சுருங்கி எல்லா ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி நெரிக்கிற சத்தம். அதன்பிறகு அந்தச் சில்லை ஆட்டிப் பாருங்கள், அசையாது. இன்னும் ஒரு மூட்டை வெங்காயம்கூட ஏற்றவில்லை. ஒரு பள்ளத்தில்கூட இறங்கவில்லை. பாரம் வருமுன்னமே அது இறுக்கப்பட்டுவிட்டது.

கொங்கிறீற்றுக்கும் இதையே செய்யலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் முயன்றார்கள். கம்பியை இழுத்துப் பிடித்துக் கொங்கிறீற்றை அமர்த்தினார்கள். முதலில் நன்றாகவே இருந்தது. சில காலம் போக இறுக்கம் காணாமல் போய்விட்டது. கம்பி அறவில்லை, பிடி கழலவில்லை. இழுவை எங்கே போனது?

அதைக் கண்டுபிடித்தவர் இயூஜீன் பிரேசினே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். அவர் இளைஞராக இருந்தபோது லெ வேர்த்ரே என்ற இடத்தில் அலியே ஆற்றின்மேல் வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார். 1911 அளவில் பாலம் நிமிர்ந்து நின்றது. சில மாதம் போக வளைவுகளின் உச்சி மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒருவரும் புதிதாகப் பாரம் ஏற்றவில்லை, பாலம் தானாகவே தாழ்ந்தது. பிரேசினே ஒருசில ஆட்களோடு போய் வளைவின் உச்சியில் ஜாக் வைத்துத் தள்ளிப் பாலத்தைத் திரும்ப உயர்த்தினார். பாலம் பிழைத்தது. ஆனால் அன்று கண்டதை அவர் மறக்கவில்லை. நெரிக்கப்பட்ட கொங்கிறீற்று வருடக் கணக்காக மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகும் என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

இப்போது கொண்டு வந்த கணக்குக்கு வருகிறேன். 30 மீற்றர் நீளச் சிலாப் ஒன்று. காய்வதாலும் நெரிபடுவதாலும் அது காலப்போக்கில் ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் குறுகும் என்று வையுங்கள். பழைய மென்னிரும்புக் கம்பியை அந்த நீளத்துக்கு இழுத்தால் எவ்வளவு நீளும்? அதுவும் ஏறக்குறைய 18 மில்லிமீற்றர்தான். நீட்டியதும் 18, குறுகியதும் 18. மிச்சம் ஒன்றுமில்லை. இழுவை போன இடம் அதுதான்! இனி, உங்கள் கையில் போய்க்கொண்டிருக்கும் அந்த உயர்வலுக் கம்பியை எடுங்கள். அதை 30 மீற்றருக்கு முழுப் பலத்தில் இழுத்தால் 200 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். ஏறக்குறைய ஒரு சாண். அதில் 18 போனாலும் என்ன? ஒரு சாணில் ஒரு விரற்கடை போனது போல. மிச்சம் முழுக்க அப்படியே நிற்கும். பிரேசினே 1928 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். வலுவான உருக்கு வேண்டும், அதை அதன் வலுவுக்கு ஏற்ற அளவு கடுமையாக இழுக்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் முன்னிறுக்கக் கொங்கிறீற்று பிறந்தது.

இந்த வித்தை எங்களுக்குத் தூரத்து விருந்தாளியன்று. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாலாற்றின்மேல் 1954 இல் இந்த முறையில் வீதிப் பாலம் கட்டினார்கள். இலங்கையில் இதை வேரூன்றச் செய்தவர் என்று முதலில் சொல்லவேண்டியவர் பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க. களுத்துறையில் உள்ளே வெறுமையாக நிற்கும் தாதுகோபத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கை தெரியும். 2021 இல் திறந்த புதிய களனிப் பாலத்தில் கேபிள்கள் வெளியிலேயே தெரிகின்றன. சிலாப்பில் அவை ஒளிந்திருக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, சிலாப்புக்குள் போவோம்.

பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகு வழக்கமான கம்பியைக் கொஞ்சம் கட்டுவார்கள். அதனோடு தட்டையான தகரக் குழாய்களை நீட்டி வைப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நாலு, ஐந்து கேபிள். ஒரு கேபிள் என்பது ஏழு கம்பிகளை முறுக்கியது: நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு. பருமன் 12.7 மில்லிமீற்றர், உங்கள் சுண்டுவிரல் அளவு. குழாயை நேர்க்கோட்டில் வைக்க மாட்டார்கள். தூணுக்கு மேலே உயர்த்தி, இரண்டு தூணுக்கு நடுவில் தாழ்த்தி, கோயில் வீதியில் தோரணம் தொங்குகிற மாதிரி வைப்பார்கள். ஏன்? தொங்குகிற கயிற்றை இரண்டு முனையிலும் இழுத்தால் அது நேராக நிமிரப் பார்க்கும். நிமிரும்போது நடுவில் மேலே எழும்பும். கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கேபிளும் அப்படித்தான், நிமிரப் பார்க்கிறது, கொங்கிறீற்று விடாது. விடாத அந்த இடத்தில்தான் கேபிள் சிலாப்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. 9 மீற்றர் இடைவெளியில் 120 மில்லிமீற்றர் தொய்வோடு கிடக்கிற ஒரே ஒரு கேபிள், எல்லாக் கழிவும் போக, ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறக்குறைய 130 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். சிலாப்பின் சொந்தப் பாரத்தில் பெரும்பங்கைக் கேபிள்களே சுமந்துவிட்டால், பந்திக்கு வருகிறவர்களின் பாரம்தான் மிச்சம். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரி. வை. லின் 1963 இல் இந்தக் கணக்கைச் சுலபமாக்கித் தந்தார். வழக்கமான முறையில் ஓரடித் தடிப்புக் கேட்கும் 9 மீற்றர்ச் சிலாப்பை, 200, 225 மில்லிமீற்றரில் முடிப்பது இதனால்தான்.

கொங்கிறீற்று ஊற்றியாயிற்று. மறுநாள் மெல்லிய இழுவை ஒன்று கொடுப்பதுண்டு, காயும்போது வெடிக்காமல் இருக்க. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வார்த்து வைத்த மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்து, பலம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் முழு இழுவை. அந்தக் காலை வேளையைக் கொஞ்சம் பாருங்கள்.

சிலாப்பின் ஓரத்தில் கேபிள்களின் வால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் இரும்புக் கட்டையின் கூம்புத் துளை வழியாக வெளியே வருகிறது. அந்தத் துளைக்குள் பல் வெட்டிய ஆப்புகள் கேபிளைச் சுற்றி இருக்கின்றன. எங்கள் தச்சர்மார் மரம் பிளக்க வைக்கிற அதே ஆப்புத்தான், இங்கே பிளக்காமல் பிடிக்கிறது. ஒரு பெடியன் வாலில் வெள்ளைப் பெயின்றால் கோடு அடிக்கிறான். இன்னொருவர் ஜாக்கைத் தூக்கி வாலில் கொழுவுகிறார். எண்ணெய்ப் பம்ப் உறுமுகிறது. ஜாக்கின் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, ஒருவரும்! கேஜின் முள் ஏறுகிறது. முடிவில் அந்தச் சுண்டுவிரல் பருமன் கேபிளில் நிற்கிற இழுவை ஏறக்குறைய 15 தொன். 50 கிலோச் சீமெந்துப் பை 300 ஐ அந்த ஒரு கேபிளில் தொங்கவிட்டது போல. பிறகு எண்ணெயை விடுவித்தால், கேபிள் உள்ளே ஓடப் பார்க்கும். ஓடும்போது ஆப்பையும் சேர்த்து இழுக்கும். ஆப்பு கூம்புக்குள் இறுகும். கேபிள் எவ்வளவு இழுக்கிறதோ, ஆப்பு அவ்வளவு இறுகும். சில மில்லிமீற்றர் உள்ளே போய் 'டக்' என்று நிற்கும்.

பெரியவரின் கேள்வியை இப்போது நினைத்துப் பாருங்கள். இழுத்துக் கட்டினது அறுமோ? அந்தக் கேபிள் தன் வாழ்நாளில் காணும் மிகப் பெரிய இழுவையை அந்த ஒரு காலையிலேயே கண்டுவிட்டது. அதன் முறியும் பலத்தில் முக்கால் பங்குக்கும் மேல். அதற்குப் பிறகு இழுவை குறையும், நிற்கும். ஜாக்கில் அறாதது பந்தியில் அறாது. ஆனால் இது முழு விடையன்று. ஒரு கேபிள் முனையில் இறுகி நின்றால், நடுவிலும் இறுகித்தான் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒரு சாட்சி கேஜ்: எவ்வளவு பலத்தோடு இழுத்தேன் என்று சொல்லும். மற்றச் சாட்சி நீளம் அளக்கும் ரேப்: பெயின்ற் கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது, அதாவது கேபிள் எவ்வளவு நீண்டது என்று சொல்லும். கணக்கில் வந்த நீட்சியும் அளந்த நீட்சியும் பொதுவாக 5 முதல் 7 வீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னால் வழக்கு முடிந்தது. வேறுவேறாகச் சொன்னால்?

நான் வேலை பழகிய காலத்தில், கொழும்பில் கடற்கரைப் பக்கக் கட்டடம் ஒன்றில் அது நடந்தது. 30 மீற்றர்க் கேபிள். கணக்குப்படி 208 மில்லிமீற்றர் நீள வேண்டும். கேஜ் முழு அளவில் நிற்கிறது. ரேப் 171 காட்டுகிறது. பக்கத்துக் கேபிள்கள் எல்லாம் சரி, இது ஒன்று மட்டும். மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் பசி. அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சேர், கேஜ் சரியாத்தான் நிக்குது. ரேப் பிடிச்சதில பிழை இருக்கும். இருநூற்றைஞ்சு எண்டு போடுவம்."

பேனை, வாலில் கோடு அடித்து அளந்த பெடியன் ஒருவனின் கையில் இருந்தது. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நான் மூண்டு தரம் பிடிச்சுப் பார்த்தனான். நூற்றி எழுபத்தொண்டுதான்." சொல்லிவிட்டு 171 என்று எழுதினான்.

அடுத்த நாள் ஜாக்கைக் கொழுவி, ஆப்பைக் கழற்றி, இழுவையைத் தளர்த்தினோம். எந்த இடத்தில் கேபிள் பிடிபட்டு நிற்கிறது என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தில் கொங்கிறீற்றைக் கவனமாகக் கொத்தித் திறந்தோம். கொங்கிறீற்று ஊற்றும்போது யாரோ ஒருவருடைய சப்பாத்துக் கால் குழாயை மிதித்திருக்கிறது. பொருத்தில் சுற்றிய ஒட்டு ரேப் கிழிந்து, சீமெந்துப் பால் உள்ளே போய் இறுகி, கேபிளைக் கவ்விப் பிடித்திருந்தது. முனையில் இழுத்த இழுவை அந்த இடத்தோடு மறிபட்டுவிட்டது. அதற்கு அப்பால் நடுச் சிலாப்பில் கேபிள் அரைகுறையாகத்தான் வேலை செய்திருக்கும். சுத்தம் செய்து திரும்ப இழுத்தோம். 204. அன்று 205 என்று எழுதியிருந்தால் அந்தச் சிலாப் விழுந்திருக்குமா? அன்றைக்கு விழுந்திருக்காது. ஆனால் மேலே வாழப் போகிறவர்களுக்குக் கணக்கில் இருக்கிற பலம் கட்டடத்தில் இருந்திருக்காது. நான் அந்தத் தம்பியை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன்.

இனி உப்புக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் கட்டடத்தைப் பற்றிப் பேசி உப்பைப் பற்றிப் பேசாமல் போகலாமா?

இழுத்த பிறகு வால்களை வெட்டி, குழாய்க்குள் சீமெந்துக் கூழைப் பம்ப் செய்வார்கள். கிறவுட் என்பார்கள். ஒரு முனையால் செலுத்த, இடையிடையே வைத்த சின்னக் குழல்களால் முதலில் தண்ணீர் வரும், பிறகு குமிழி வரும், பிறகு உள்ளே போன அதே தடிப்பில் கூழ் வரும். அப்போதுதான் ஒவ்வொரு குழலாக அடைக்க வேண்டும். இந்தக் கூழ் இரண்டு வேலை செய்கிறது. கேபிளைக் கொங்கிறீற்றோடு நீளம் முழுக்க ஒட்டவைக்கிறது. துருவிலிருந்தும் காக்கிறது. குழாய்க்குள் காற்றுப் பொந்து ஒன்று மிஞ்சினால், அதற்குள் ஈரமும் உப்பும் இறங்கினால், கேபிள் இருட்டில் கரையும். வெளியே ஒரு கறையும் தெரியாது. தென் வேல்ஸில் இனிஸ்-இ-குவாஸ் என்ற சின்னப் பாலம் 1953 இல் கட்டியது. 1985 டிசம்பரில் முன்னறிவிப்பு ஒன்றுமில்லாமல் விழுந்தது. கேபிள்களை உப்பு தின்றிருந்தது. அதற்குப் பிறகு பிரித்தானியாவில் 1992 முதல் 1996 வரை இந்த முறையில் புதுப் பாலம் கட்டுவதையே நிறுத்தி வைத்து, கிறவுட் வேலைக்குக் கடுமையான விதிகள் எழுதினார்கள்.

எங்களுக்கு வேல்ஸ் வேண்டாம், பாம்பனைப் பாருங்கள். எங்கள் பாட்டன்மார் தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலில் கடந்து போன பாம்பன். 1914 இல் திறந்த அந்த இரும்பு ரயில் பாலம் துருவோடு போராடிப் போராடி 2022 டிசம்பரில் ஓய்ந்தது. பக்கத்தில் 1988 இல் திறந்த வீதிப் பாலம் முன்னிறுக்கக் கொங்கிறீற்று, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளம். அதே கடல், அதே காற்று. உருக்குக் கேபிள் அந்தக் காற்றில் வாழ வேண்டுமென்றால், அதன்மேல் மூடியிருக்கிற கொங்கிறீற்றையும் கிறவுட்டையும் தவிர அதற்கு வேறு காவல் இல்லை. ஆகவே உடுவிலில் கட்டுகிறவருக்குச் சொல்கிறேன்: உவர்த்தன்மையான கிணற்றுத் தண்ணீரில் கிறவுட் கலக்க விடாதீர்கள். கடல் மண் கொங்கிறீற்றுக்குள் வர விடாதீர்கள். கிறவுட் பம்ப் செய்கிற அன்று நீங்களே போய் நில்லுங்கள். கடைசிக் குழலால் கூழ் வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இன்னும் ஒன்று. கட்டி முடிந்து பத்து வருடம் கழித்து ஒருவர் ஏசி பூட்ட வருவார். துளைக் கருவியோடு ஏணியில் ஏறுவார். சிலாப்பில் எந்த இடத்தில் கேபிள் ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிறவுட் நிறைந்த குழாயில் ஒரு கேபிள் அறுந்தால், அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் கொஞ்சத் தூரம்தான் பலம் போகும், மற்ற இடத்தில் கூழ் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பெருமளவில் செய்வது போலக் கிரீஸ் பூசிப் பிளாஸ்ரிக் உறையிட்டு, ஒட்டாமல் விட்ட கேபிளென்றால், ஒரு துளையில் முனைக்கு முனை முழு இழுவையும் போய்விடும். அந்தப் பெரியவருக்கு முதலில் இதைத்தான் சொன்னேன்: "ஐயா, உங்கட சிலாப் பாரத்தால அறாது. துளைக் கருவியால அறும், துருவால அறும்."

அவர் யோசித்துவிட்டு, "அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

கேபிள் ஓடும் வரைபடம், ஒவ்வொரு கேபிளுக்கும் கேஜும் ரேப்பும் சொன்ன எண்கள், கிறவுட் பம்ப் செய்த திகதி, இவை எல்லாம் எழுதிய தாள்களைக் கட்டினவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். கடைசிக் காசு கொடுக்குமுன் வாங்க வேண்டும். சுவருக்கும் சிலாப்புக்கும் காசு கொடுப்பது போல அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்றேன். எங்கே வைப்பது என்று கேட்டார். கந்தோரில் வைத்தால் கந்தோர் மாறும். பொறியியலாளரிடம் விட்டால் அவர் வெளிநாடு போய்விடுவார்.

"ஐயா, இடம்பெயர்ந்து போகேக்க வீட்டை விட்டுட்டுப் போனம், மாட்டை அவிழ்த்து விட்டுட்டுப் போனம். எதைக் கையில கொண்டு போனம்?" என்று கேட்டேன்.

அவர் உடனே சொன்னார்: "காணி உறுதிப் பெட்டியை."

அதற்குள் வையுங்கள்.